இன்னிசை இரவில் பார்வையாளர் மெசேஜைத் திரையில் போடுவது: செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

பாலையூற்றுத் தம்பி (வெள்ளி, இரவு 9.10)

வணக்கம். திருகோணமலையில் எங்கள் பழைய மாணவர் சங்கம் வைகாசியில் ஒரு இன்னிசை இரவு வைக்கிறது. பள்ளிக்கூட மைதானம், திறந்தவெளி. மேடைக்குப் பின்னால் எல்.ஈ.டி. திரை வாடகைக்கு எடுத்தாயிற்று. சனம் போனில் மெசேஜ் அனுப்ப அது அந்தத் திரையில் வர வேண்டும் என்று தலைவர் ஒரே பிடியாக நிற்கிறார், கொழும்பில் எங்கேயோ பார்த்தாராம். எனக்குக் கொஞ்சம் கணினி தெரியும் என்பதால் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எஸ்எம்எஸ் நல்லதா, வட்ஸ்அப்பா, கியூஆர் குறியா? தமிழ் எழுத்து உடையாமல் வருமா? ரி.வி. நிகழ்ச்சிகளில் மாதிரி நாலு இலக்க எண் எடுக்க வேண்டுமா? கண்டபடி எழுதி அனுப்புகிறவர்களை எப்படித் தடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உப்புவெளி சவுண்ட் (வெள்ளி, இரவு 9.41)

நாலு இலக்க எண்ணை மறந்துவிடுங்கள் தம்பி. அதற்குத் தொலைபேசிக் கம்பனிகளோடு தனித்தனியாகப் பேசி ஒப்பந்தம் போட வேண்டும், வாரக்கணக்கில் இழுபடும். தினமும் வாக்கெடுப்பு நடத்துகிற ரி.வி.க்காரருக்கு அது சரி. உங்களுக்கு ஒரு இரவுதானே, சாதாரண சிம் போதும்.

நான் திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாடகைக்கு வருகிற பலகைகள் பெரும்பாலும் அரை மீற்றர் சதுரம், ஒன்றில் 128க்கு 128 ஒளிப்புள்ளி (பிக்செல்). 3 மீற்றர் அகலம் 2 மீற்றர் உயரம் கட்டினால் மொத்தம் 768க்கு 512 புள்ளிதான், உங்கள் கையிலுள்ள போனில் இதைவிடக் கூட இருக்கும். பின் வரிசைக்காரர் படிக்க வேண்டும் என்றால் எழுத்து 60 புள்ளி உயரமாவது இருக்க வேண்டும், தமிழுக்கு மேலே விசிறி கீழே சுழி எல்லாம் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் தாராளமாக விடவேண்டும். அப்படிப் பார்த்தால் ஐந்து வரி, வரிக்குப் பன்னிரண்டு பதினான்கு எழுத்து. அவ்வளவுதான் உங்கள் இடம். பந்தி பந்தியாக வாழ்த்து எழுதுகிற ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கறுப்புப் பின்னணி, மஞ்சள் அல்லது வெள்ளை எழுத்து. இரவில் வெள்ளைப் பின்னணி போட்டால் முன் வரிசைக்குக் கண் கூசும், மேடையில் நிற்பவர் வெறும் நிழலாகத் தெரிவார். பிரகாசத்தையும் நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் வைகாசி என்றால் கச்சான் காற்று பலமாக வீசும். காசு மிச்சம் பிடிக்கத் துணித் திரையும் புரொஜெக்டரும் போடுவோம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள்.

கிண்ணியா நானா (வெள்ளி, இரவு 11.20)

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறந்தவெளி, கூட்டம் என்றால் என் வாக்கு எஸ்எம்எஸ்ஸுக்குத்தான். அது டேட்டா வழியில் போவதில்லை, போனும் கோபுரமும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சமிக்ஞை வழியில் போகிறது. ஆயிரம் பேர் ஒரு மைதானத்தில் கூடி வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது நெட் சுற்றிச் சுற்றி நிற்கும், எஸ்எம்எஸ் ஊர்ந்தாவது வந்து சேரும். உடனே சேராவிட்டாலும் கம்பனியின் மையத்தில் தங்கி மறுபடி முயலும். இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது: முதல் பாட்டுக்கு அனுப்பினது நாலாவது பாட்டில் வரும். ஆகவே மெசேஜோடு வருகிற நேரத்தைப் பாருங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் பழசு என்றால் தூக்கிப் போடுங்கள்.

தேவையானது ஒரு லப்டொப், சிம் போடுகிற யூஎஸ்பி மொடம் ஒன்று, கம்மு என்ற இலவச மென்பொருள். அதன் பின்னணிச் சேவை வருகிற மெசேஜை எல்லாம் தரவுத்தளத்தில் போட்டுவிட்டு சிம்மிலிருந்து அழித்துவிடும். அழிப்பது முக்கியம். சிம்மில் கொஞ்ச மெசேஜுக்குத்தான் இடம், நிறைந்தால் அடுத்தது உள்ளே வராது, சனம் அனுப்பிக்கொண்டே இருக்கும், நீங்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இனித் தமிழ். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்து என்றால் 160 அடங்கும். அதில் ஒரேயொரு தமிழ் எழுத்து வந்தாலும் முழு மெசேஜும் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டுக்கு) மாறி 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70உம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்து இல்லை, புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எண்ணிக்கை. 'வாழ்த்துகள்' கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பதினொன்று. 70ஐத் தாண்டினால் 67 67ஆகத் துண்டு போட்டு அனுப்பும். கம்முவின் தரவுத்தளத்தில் அந்தத் துண்டுகள் தனித்தனி வரிசையாக இருக்கும், எது எத்தனையாவது துண்டு என்று கூடவே வருகிற தலைப்புத் தகவலைப் பார்த்து நீங்கள்தான் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டால் பாதி வாழ்த்து முதலிலும் மீதிப் பாதி வேறு ஒருவருடைய மெசேஜுக்குப் பிறகும் திரையில் வரும், சபை சிரிக்கும். (1992 டிசம்பர் 3ஆம் திகதி போன உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸே நத்தார் வாழ்த்துத்தான். உங்கள் திரையிலும் வாழ்த்துத்தான் குவியும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.)

எல்.ஈ.டி. காரர் தன் லப்டொப்பிலேயே செய்யலாம் என்பார். நம்பாதீர்கள். அவரிடம் இருப்பது யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் முன்கூட்டியே அடித்துவைக்கிற தலைப்புகள். உங்களுக்கு வருவது யூனிகோட். பழைய தலைப்பு மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கொ' என்பது புள்ளி வட்டத்தோடு பிய்ந்து கிடக்கும். இதற்கு வழி உலாவிதான். குரோமில் தமிழ் ஒழுங்காக வரும், ஆகவே திரையை ஒரு இணையப் பக்கமாகவே செய்யுங்கள், அதை ஓபிஎஸ்ஸில் (காட்சிகளைக் கோத்துத் திரைக்கும் நேரலைக்கும் அனுப்புகிற இலவச மென்பொருள்) 'பிரவுசர் சோர்ஸ்' ஆகப் போட்டு எச்டிஎம்ஐ வழியாக அவருடைய பெட்டிக்குக் கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை லப்டொப்பிலேயே நிறுவிவிடுங்கள், நெட்டிலிருந்து இழுக்க விடாதீர்கள். முழு ஏற்பாடும் இணையம் இல்லாமல் ஓட வேண்டும்.

இரண்டு சின்ன விஷயம். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் என்றால் பழைய 'யூடிஎஃப்8' அமைப்பை விட்டு 'யூடிஎஃப்8எம்பி4' போடுங்கள், மற்றதில் தமிழ் சரியாக வந்தாலும் இமோஜி வந்தால் உடையும். மெசேஜை இணையப் பக்கத்தில் போடும்போது எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதுகிற மொழி) குறிகளை நீக்கிவிட்டுப் போடுங்கள். யாராவது படித்த பொடியன் மெசேஜுக்குள் எச்டிஎம்எல் எழுதி அனுப்பினால் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் திரை முழுக்கச் சிவப்பாகும்.

பாலையூற்றுத் தம்பி (சனி, காலை 6.55)

நானா, கோடி நன்றி. வட்ஸ்அப்பை ஏன் விட்டீர்கள்? எங்கள் ஆட்கள் எஸ்எம்எஸ்ஸை மறந்தே போனார்கள், ரீலோட் முடிந்துவிட்டது என்று கம்பனி அனுப்புவதைத் தவிர அதில் ஒன்றும் பார்ப்பதில்லை.

கிண்ணியா நானா (சனி, காலை 7.30)

வட்ஸ்அப் எண் கொடுத்தால் குரல் பதிவு, குட்மோர்னிங் படம், யாரோ வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ எல்லாம் வந்து இறங்கும். ஒழுங்கான வழி வணிகக் கணக்கின் நிரல் இடைமுகம் (மெசேஜை எங்கள் நிரல் நேரே எடுக்க வட்ஸ்அப் தருகிற வழி), அதற்குப் பதிவு, சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். குறுக்குவழி நிரல் போட்டால் எண்ணையே முடக்கிவிடுவார்கள், அதுவும் நிகழ்ச்சி நடுவில் முடக்கினால் என்ன செய்வீர்கள்? வேண்டுமானால் ஒருவர் போனில் வட்ஸ்அப்பைப் பார்த்து நல்லதைக் கையால் அடித்துப் போடட்டும்.

கியூஆருக்கும் நெட் வேண்டும். தூரக் கணக்கும் உண்டு: குறியின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைதான் போன் பிடிக்கும் என்று ஒரு பொதுக் கணக்கு வைப்பார்கள். திரையில் ஒரு மீற்றர் அகலத்துக்குப் போட்டாலும் பத்து மீற்றருக்கு அப்பால் இருப்பவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். போடுவதென்றால் ரிக்கற்றில் அச்சடியுங்கள்.

மத்தளம் (சனி, மதியம் 12.15)

எல்லோரும் மொடம், எழுத்துரு என்று பேசுகிறீர்கள். மேடையில் இருக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நான் வாசிக்கிறவன். இப்படித் திரை வைத்த நிகழ்ச்சி ஒன்றில் பாடகர் மெதுவான சோகப் பாட்டு ஒன்றை எடுத்தார். சரணத்தில் அந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சங்கதி போடுகிறார், சபை கொல்லென்று சிரிக்கிறது. எங்களுக்கு முதுகுக்குப் பின்னால் திரை, என்ன வந்தது என்று தெரியாது. பாடகர் தன் சுருதி போய்விட்டதாக நினைத்து என்னைப் பார்க்கிறார், நான் கீபோர்ட்காரரைப் பார்க்கிறேன். யாரோ 'கொத்துரொட்டிக்கடை திறந்திருக்கா' என்று அனுப்பியிருக்கிறான். ஒரு ஒத்திகையும் பாழ், பாட்டும் பாழ்.

சனம் பாட்டுக் கேட்க வருகிறதா, தன் பெயரைப் பார்க்க வருகிறதா? போனைக் குனிந்து பார்க்கிற சபைக்கு வாசிப்பதைவிட வீட்டில் வாசிக்கலாம்.

உப்புவெளி சவுண்ட் (சனி, மதியம் 1.02)

மத்தளம் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்கு வழியும் இருக்கிறது. பாட்டு நடக்கும்போது திரையில் பாட்டுக்குரிய படம் மட்டும். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசுகிற இடைவெளியில்தான் மெசேஜ். ஓபிஎஸ்ஸில் இரண்டு காட்சி வைத்துக்கொண்டால் ஒரு பொத்தானில் மாறிவிடும். அதே படத்தை மேடைக்கு முன்னால் ஒரு சின்ன ரி.வி.யிலும் கொடுங்கள், பின்னால் என்ன ஓடுகிறது என்று கலைஞர்களுக்கும் தெரியட்டும். நடனம், அஞ்சலி, ஆசியுரை நேரங்களில் முழுக்க நிறுத்தம். இதை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் சண்டை வராது.

மத்தளம் (சனி, மதியம் 1.20)

அப்படிச் செய்தால் எனக்கு மறுப்பில்லை. விருப்பமும் இல்லை.

ஓர்ஸ்ஹில் ரீச்சர் (சனி, மாலை 5.48)

தம்பி, உங்கள் முதல் பதிவில் கடைசியாகப் போட்ட கேள்விதான் பெரிய கேள்வி, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு கலைவிழா. மண்டபம் நிறைந்த கூட்டம், மெசேஜ் திரை. கெட்ட சொற்களை வடிகட்ட நிரல் வைத்திருந்தார்கள், அது நன்றாகவே வேலை செய்தது. நடுவில் ஒரு மெசேஜ் வந்தது: இடப்பக்கம் மூன்றாவது வரிசை நீலச் சாரிக்கு இனிய வாழ்த்து, இன்னார் கேட்டதாகச் சொல்லவும். ஒரு தப்பான சொல் இல்லை. யாருடைய முழுப் பெயரும் இல்லை. ஆனால் மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பின்னாலிருந்த பொடியன்கள் விசிலடித்தார்கள், அந்தப் பிள்ளையும் தாயும் இடைவேளைக்கு முன்பே எழும்பிப் போய்விட்டார்கள். கொழும்பில் இது ஒரு பகிடி. இங்கே அடுத்த நாள் சந்தையில், கோயில் வீதியில், ரியூசன் வாசலில் பேசுவார்கள். அந்தப் பிள்ளை ஒரு மாதம் வகுப்புக்கே வரவில்லை.

எந்த நிரல் அதைப் பிடித்திருக்கும்? யார் யாருக்குச் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று தெரிந்த ஆள் மெசேஜை அனுமதிக்கிற நாற்காலியில் இருந்திருந்தால் பிடித்திருப்பார். கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை ஆள் பார்த்து உட்காரவைக்கிற பெரியப்பா மாதிரி ஒருவர் வேண்டும். நீங்களோ அந்த இடத்துக்குக் கணினி தெரிந்த ஆளைத் தேடுகிறீர்கள்.

டொரொன்டோ திருமலையான் (சனி, இரவு 8.05)

ரீச்சர் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் சின்ன வயதில் இலங்கை வானொலிக்குத் தபாலட்டை போட்டுவிட்டு நேயர் விருப்பத்தில் எங்கள் பெயர் வருகிறதா என்று வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தவர்கள். பெயர் வந்தால் ஊர் முழுக்கப் பெருமை. ஆனால் அங்கே அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் ஒருவர் வாசித்தார். தன் பெயரைச் சபையில் கேட்கிற ஆசை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, அதில் தப்பில்லை மத்தளம் அண்ணை.

எனக்கு வேறு ஒரு விண்ணப்பம். யூரியூப்பில் நேரலை போடுவீர்கள்தானே? அங்கே இரவு ஏழரை என்றால் எங்களுக்குக் காலை பத்து, இலண்டனில் பிற்பகல் மூன்று. சனிக்கிழமை என்றால் எங்கள் வகுப்பே இருந்து பார்க்கும். எங்கள் கருத்துகளும் திரையில் வருமா?

கிண்ணியா நானா (சனி, இரவு 8.40)

வரும், ஓபிஎஸ்ஸில் யூரியூப் அரட்டைப் பெட்டியையும் காட்டலாம். ஆனால் நேரே காட்டாமல், எஸ்எம்எஸ்ஸைப் போலவே ஒருவர் பார்த்து அனுமதிக்கிற வரிசைக்குள் கொண்டுவாருங்கள். நேரலை தாமதமாகத்தான் உங்களுக்கு வரும், குறைந்த தாமத அமைப்பில் பத்து விநாடிக்குள், சாதாரண அமைப்பில் அதைவிட அதிக நேரம் எடுக்கும். அறிவிப்பாளர் 'கனடாவில் இருக்கிறவர்கள் கைதட்டுங்கள்' என்றுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

நேரலை என்றால் இன்னொன்றும் உண்டு. திரையில் வந்தது மைதானத்தோடு போகாது, இணையத்தில் கிடக்கும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் தொலைபேசி எண்ணைத் திரையில் காட்டவே கூடாது, கடைசி இரண்டு இலக்கம்கூட வேண்டாம், நிகழ்ச்சி முடிந்ததும் எண்களை அழித்துவிட வேண்டும் என்று சொல்லச் சட்டத்தரணி தேவையில்லை. அந்தப் பட்டியலை வைத்து அடுத்த நாள் யாராவது பொம்பிளைப் பிள்ளைகளுக்கு மிஸ்ட் கோல் அடிக்கத் தொடங்கினால் சங்கத்தின் பெயர்தான் நாறும்.

பாலையூற்றுத் தம்பி (சனி, இரவு 9.15)

சரி, ஆள் பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும். ஆனால் வடிகட்டி நிரலும் போட்டால் பாதி வேலை குறையுமே?

கிண்ணியா நானா (சனி, இரவு 9.32)

எங்கள் சனம் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஒரே தூஷண வார்த்தைக்கு ஐம்பது எழுத்துக்கூட்டல். நடுவில் புள்ளி வைப்பான், கோடு வைப்பான், 'ஓ'வுக்குப் பூச்சியம் போடுவான். சிங்களத்தில் ஒன்று, கிண்ணியா மூதூர்ப் பேச்சில் ஒன்று, எல்லாவற்றுக்கும் பட்டியல் போட முடியாது. மறுபக்கம், பட்டியலை இறுக்கினால் பாவப்பட்ட ஆளின் ஊர்ப்பெயரே மாட்டிக்கொள்ளும். வடிகட்டி இருக்கட்டும், சந்தேகமானதைச் சிவப்பில் காட்டட்டும். முடிவு மனுசன் எடுக்கட்டும். யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் ஒன்றும் திரைக்குப் போகக்கூடாது. 'தடுக்காவிட்டால் தானாகப் போகும்' என்று மட்டும் அமைத்துவிடாதீர்கள்.

சாம்பல்தீவு (ஞாயிறு, காலை 10.20)

பாட்டு நிகழ்ச்சி பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இதே முறையைக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். பெண்கள் குழுக்களுக்கு நுண்கடன் பற்றி ஒரு கூட்டம். ஒலிவாங்கியைக் கொடுத்தால் ஒருவரும் வாய் திறக்கவில்லை, வழக்கம்போல முன் வரிசை ஆண்கள் எழும்பி நன்றியுரை மாதிரிப் பேசிவிட்டு இருந்தார்கள். அப்புறம் ஒரு எண்ணைக் கொடுத்து, பெயர் வேண்டாம், கேள்வியை மட்டும் அனுப்புங்கள் என்றார்கள். வந்த கேள்விகளைப் பார்க்க வேண்டும். வசூலுக்கு வருகிறவர் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்றால் என்ன செய்வது, கணவருக்குத் தெரியாமல் எடுத்த கடனை யாரிடம் சொல்வது, இரண்டாவது கடன் எடுத்து முதலாவதைக் கட்டுகிறேன் இது எங்கே போய் முடியும். இது ஒன்றையும் ஒலிவாங்கியில் கேட்டிருக்க மாட்டார்கள். பதில் சொல்ல வந்த அதிகாரிக்கும் திரையில் இருப்பதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

நான் கண்டது என்னவென்றால், 'எதையாவது அனுப்புங்கள்' என்றால் குப்பைதான் வரும். ஒரு கேள்வி கேட்டால் ஒழுங்காக வருகிறது.

ஓர்ஸ்ஹில் ரீச்சர் (ஞாயிறு, காலை 11.05)

இது அருமை. பழைய மாணவர்களிடம் கேட்க எத்தனையோ இருக்கிறதே. உங்கள் முதல் வகுப்பு ரீச்சர் பெயர் என்ன? எந்தப் பாடத்துக்குக் கட் அடித்துவிட்டு டச்பே கடற்கரைக்குப் போனீர்கள்? கோட்டை வாசலில் எந்த மான் உங்கள் சாப்பாட்டுப் பையைப் பறித்தது? ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு கேள்வி. அறிவிப்பாளர் நாலைந்து பதிலை வாய்விட்டும் வாசிக்க வேண்டும், அம்மம்மாமாருக்குத் திரை தெரியாது.

மத்தளம் (ஞாயிறு, மதியம் 12.40)

அடுத்த பாட்டு எது என்று மூன்று பாட்டைப் போட்டு இலக்கம் அனுப்பச் சொல்லலாம். மூன்றும் நாங்கள் ஒத்திகை பார்த்ததாக இருக்க வேண்டும், முக்கியம். சபை கேட்டது என்று சொல்லிப் புதுப் பாட்டை எங்கள் தலையில் போடக்கூடாது.

உப்புவெளி சவுண்ட் (ஞாயிறு, மதியம் 12.52)

விருப்பமில்லை என்ற ஆள் யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்.

பாலையூற்றுத் தம்பி (ஞாயிறு, இரவு 8.30)

தலைவரிடம் பேசினேன். ஒரு சிம்மில் எஸ்எம்எஸ், யூரியூப் கருத்து, இரண்டும் ஒரே வரிசைக்குள். பாட்டு இடைவெளியில் மட்டும். ஆங்கில எழுத்தில் வரும் தமிழை நாங்கள் மாற்றாமல் அப்படியே போடுகிறோம், மாற்றி அடிக்க ஆளில்லை. தனி ஒருவருக்கான வாழ்த்தே கிடையாது, பிறந்தநாளாக இருந்தாலும் சரி. தலைவருக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம், தன் பேரனுக்கு வாழ்த்துப் போடுவதாக வீட்டில் சொல்லிவிட்டாராம்.

ரீச்சர், அந்த நாற்காலியில் நீங்களே இருக்க முடியுமா? உங்களுக்குத் தெரியாத குடும்பம் இந்த மைதானத்தில் இருக்காது.

ஓர்ஸ்ஹில் ரீச்சர் (ஞாயிறு, இரவு 9.10)

இருக்கிறேன், மூன்று நிபந்தனை. மேடைக்குப் பக்கத்தில் சத்தத்துக்குள் இருக்க மாட்டேன், சபைக்குப் பின்னால் மேசை போடுங்கள், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தலைவர், பிரதம விருந்தினர் யார் வந்து 'இதைப் போடுங்கோ ரீச்சர்' என்றாலும் நான் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். மூன்றாவது, எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், பகிடி விளங்காது. இளம் ஆட்கள் அனுப்புகிற பாதியும் விளங்காது. பக்கத்தில் ஒரு இளம் பிள்ளை வேண்டும், மூன்று மொழியும் தெரிந்த பிள்ளை.

கிண்ணியா நானா (ஞாயிறு, இரவு 9.25)

என் மகள் வருவாள், கொழும்பில் படிக்கிறாள், சிங்களப் பகிடி எல்லாம் அத்துபடி. தம்பி, வருகிற சனி பின்னேரம் மொடத்தோடு மைதானத்துக்கு வருகிறேன், இரண்டு மூன்று கம்பனி சிம்மும் கொண்டுவாருங்கள், மேடை கட்டுகிற இடத்தில் எதற்குச் சிக்னல் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எண்ணை ரிக்கற்றில் அடிக்க வேண்டும். அச்சகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லைதானே?

பாலையூற்றுத் தம்பி (ஞாயிறு, இரவு 9.31)

நாளைக்குக் கொடுப்பதாக இருந்தது. நிறுத்திவிடுகிறேன்.